கச்சானுக்கு முன்னால் ஒரு விமானம்

2024 பிப்ரவரி 28 அன்று, குலசேகரன்பட்டினத்தில் வரவிருக்கும் இஸ்ரோ ஏவுதளத்துக்குப் பிரதமர் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டினார். அன்று மதியமே குலசைக் கடற்கரையோரத்திலிருந்து ஒரு ரோகிணி ராக்கெட் கிளம்பி மேலே போனது. ஆர்.எச்.200 என்ற சின்ன வகை. அந்த 200, ராக்கெட்டின் விட்டம், அதுவும் மில்லிமீட்டரில். ஒரு சாண் குறுக்களவுகூட இல்லாத குழாய்தான். ஆனாலும் சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சில்லை. ராக்கெட்டைப் பார்த்தவர்களைவிடப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அதிகம். சர்க்கரை ஆலைக்காரர்கள் திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளைக்கு ஓட்டிய குட்டி ரயில் 1940-இல் நின்றுபோன பிறகு, இந்தப் பக்கத்து ஜனங்கள் வாய்பிளந்து பார்க்கும்படி புதிதாக ஒன்று ஓடியதோ பறந்ததோ கிடையாது. அந்தக் குறை அன்றைக்குத் தீர்ந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் வாத்தியாருக்குத்தான் வேலை கூடியது. பொதுத்தேர்வு தலைக்கு மேல் நிற்கிறது. பிள்ளைகளோ, "ஏன் சார் நம்ம ஊரு?" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்பதில்லை. கரும்பலகையில் இந்தியாவையும் இலங்கையையும் வரைந்து காட்டினார். துருவங்களைச் சுற்றும் பாதைக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை குறுக்கிடும். அதைச் சுற்றிக்கொண்டு போக ராக்கெட் நடுவழியில் திரும்ப வேண்டும். திரும்பினால் எரிபொருள் வீணாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை கடல், அதற்கு அப்பாலும் கடல். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சிப் பக்கம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் எடுத்ததற்கு இதுதான் காரணம்.

வகுப்பு அதோடு அடங்கியது. அவருடைய அக்காள் மகன் அடங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பு, கைத்துறுதுறுப்பு அதிகம். சாயந்திரம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "மாமா, ராக்கெட்டுல எனக்கு இஷ்டமில்ல. விட்டா போயிரும். விட்ட கைக்கே திரும்பி வர்ற மாதிரி ஒண்ணு செய்யணும்."

ரிமோட்டில் ஓட்டும் விமானம்தான் அவன் மனதில் இருந்தது. அதற்கு மூல காரணம் இஸ்ரோ அல்ல, அஜித்குமார். மாதிரி விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் அவர் ஓட்டும் படங்கள் அவன் அலைபேசியில் கிடந்தன. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கிய தக்‌ஷா குழுவுக்கு அஜித் ஆலோசகராக இருந்ததும், 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பிடித்ததும் அவனுக்கு மனப்பாடம். இயற்பியல் சூத்திரங்கள் அந்த அளவுக்கு மனப்பாடம் இல்லை என்பது வாத்தியாரின் வருத்தம்.

தேர்வு முடியட்டும் என்றார். தேர்வு முடிந்த அன்றே பையன் வந்து நின்றான். முதல் விமானமாக எதைச் செய்வது என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கியது. விமானத்தைக் கட்டிமுடித்த நேரத்தைவிட இந்தப் பேச்சு ஓடிய நேரம்தான் அதிகம்.

பையன் முதலில் கேட்டது சுகோய். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 அணி வந்து இறங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் அந்த விமானத்துக்கு ரசிகர் கூட்டம் உண்டு. நுரையில் வார்த்து, உடம்புக்குள் மின்விசிறி வைத்த சுகோய் பொம்மைகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியைப் பிரித்து இறக்கையை மாட்டினால் பறக்கவிடலாம்.

வாத்தியார் முடியாது என்று சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் சுகோயின் நிழல் உருவத்தை வரைந்து, மேலும் கீழும் ஒரே சாம்பல் நிறம் அடித்தார். அதைக் கொண்டுபோய்த் தெருமுனையில் நின்று சாய்த்துப் பிடித்தார். "இப்போ உன்னைப் பார்த்து வருதா, உன்னை விட்டுப் போகுதா? இடது பக்கம் சாயுதா, வலது பக்கமா?" பையன் தப்பாகச் சொன்னான். வானத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. தவிர, போர் விமானம் என்பதே நிலையாக நிற்காமல் சட்டென்று புரளுவதற்காக வடிவமைத்தது. குட்டை இறக்கை, நிறைய எடை, நிறைய வேகம். விரலை எடுத்தால் அது தானாக நேராகாது. பழகியவன் கையில் அழகு. பழகாதவன் கையில் தரையிறங்க அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், மூக்கால்.

அடுத்தது வாத்தியாரின் சொந்த ஆசை. தொண்ணூறுகளில் திருச்சியில் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர் அவர். அங்கே மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியில் ஒரு பகுதி. ரிமோட் எல்லாம் எட்டாத கனவு. இரண்டு கம்பிகளின் நுனியில் விமானம். நடுவில் கைப்பிடியோடு நிற்கும் ஆள், விமானத்தோடு சேர்ந்து தானும் சுற்ற வேண்டும். தலைசுற்றி விழாமல் நிற்பதே பாதி வித்தை. கொல்கத்தாவில் தயாரான அரோரா என்ற குட்டி டீசல் எஞ்சின் மூக்கில் இருக்கும். அதற்கு ஊற்றுவது ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கு எண்ணெய் மூன்றும் கலந்த கலவை. மருத்துவமனையும் ரேஷன் கடையும் ஒரே அறைக்குள் புகுந்ததுபோல் ஒரு வாசனை. விரலால் புரொப்பெல்லரைச் சுண்டிக் கிளப்பும்போது நகத்தில் அடிபடாத கேடட் அந்த அணியில் கிடையாது.

அந்த விமானங்கள் பால்சா மரத்தால் ஆனவை. தேக்கு ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 650 கிலோ எடை என்றால், பால்சா 150-ஐ ஒட்டி நிற்கும். பிளேடால் சீவலாம், நகம் பட்டால் பள்ளம் விழும். அதே நேரத்தில் நார் ஓடும் திசையில் இழுத்துப் பார்த்தால் அதன் எடைக்கு நம்பமுடியாத பலம். எக்குவடோரில் சில வருடங்களிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிடுகிற மரம் இது. 1947-இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் இந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டி, பெருவிலிருந்து பசிபிக் கடலில் 101 நாள் மிதந்து போலினீசியத் தீவுகளைச் சேர்ந்தார். 'கோன்-டிக்கி' என்று உலகமே கொண்டாடியது. பக்கத்து மணப்பாட்டு மீனவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால், கட்டுமரத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றுதான் கேட்பார்.

அந்தப் பழைய பாசத்தில் வாத்தியார் ஒரு பால்சா கிட்டைக் குறித்து வைத்திருந்தார். அமெரிக்காவின் சிக் நிறுவனத்தின் கேடட் எல்.டி-40. புதிதாகக் கற்பவர்களுக்கென்றே செய்த வடிவம். இறக்கை உடம்புக்கு மேலே உட்காரும். நுனிக்கு நுனி 70 அங்குலம், அதாவது 178 சென்டிமீட்டர். இறக்கையின் அடிப்பக்கம் தட்டை. பெட்டிக்குள் விமானம் இருக்காது. மரத்துண்டுகளும் வரைபடமும்தான் இருக்கும். வரைபடத்தை மேசையில் விரித்து, மேலே பாலித்தீன் தாளைப் போட்டு, ஒவ்வொரு விலா எலும்பையும் குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டி எழுப்ப வேண்டும். மெதுவாகப் பறக்கும், பெரிய உருவம் என்பதால் தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல விமானம் கிடைப்பது கஷ்டம் என்பதை இன்றைக்கும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

பிறகு ஏன் வாங்கவில்லை? காசு ஒரு காரணம். பால்சா விலை 2020 வாக்கில் தாறுமாறாக ஏறியது. காற்றாலை இறக்கைகளின் உள்ளே நிரப்ப இதே மரத்தைத்தான் அடுக்குகிறார்கள். சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழுந்தபோது எக்குவடோர்க் காடுகளில் மரவெட்டிகள் புகுந்துவிட்டார்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பெரிய லாரிகளில் ஊர்ந்து வந்து கப்பலேறும் காற்றாலை இறக்கைகளைப் பையன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். "அப்போ அந்த றெக்கைக்கும் நம்ம றெக்கைக்கும் ஒரே மரமா?" என்று அவன் கேட்டதில் மாமாவுக்கு ஒரு சந்தோஷம். பணம் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் முழுதாகவோ பாகங்களாகப் பிரித்தோ வரும் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ரிமோட் விமானம் என்று எழுதிய பெட்டி சுங்கத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று யோசிப்பதற்குள் மனம் சோர்ந்துவிடுகிறது.

ஆனால் காசும் சுங்கமும் சாக்குகள். உண்மையான காரணம் வேறு. முதல் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறவன் அது எப்படிப் பறக்கும் என்று பார்க்கக்கூடாது, எப்படி உடையும் என்று பார்க்க வேண்டும் என்பது வாத்தியாரின் கட்சி. சென்னை, பெங்களூர் என்றால் சங்கங்கள் இருக்கின்றன. பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, தடுமாறும்போது கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். குலசையில் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. விழப்போவது உறுதி. விழுந்த பால்சா இறக்கையை மறுபடி விலா எலும்பு வெட்டி, ஒட்டி, மேலே உறை இழுத்துச் சூடுகாட்டி முடிப்பதற்குள் பிளஸ் டூ தொடங்கிவிடும்.

அடுத்து வந்தது காற்று. தேரிக்காட்டுச் செம்மணலை மேடு மேடாகக் குவித்து வைத்ததே காற்றுதான் என்கிற ஊரில், விமானம் வாங்குகிறவன் கடையைப் பார்ப்பதற்கு முன்னால் காற்றைப் பார்த்தாக வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் பகலில் வாசல்படி தாண்டி மணல் உள்ளே வரும். வாத்தியார் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். எடை 700 கிராம், இறக்கை 110 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 22 சதுர டெசிமீட்டர். ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை சுமப்பது ஏறக்குறைய 32 கிராம். இப்படிப்பட்ட விமானம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குக் கீழே போனால் தாங்கும் விசை போய் விழுந்துவிடும். வசதியாகப் பறப்பது 35-ஐ ஒட்டி. எதிர்க்காற்று 35 வீசினால்?

"நின்ன இடத்துலேயே நிக்கும்," என்றான் பையன்.

"காற்று இன்னும் கூடினா?"

"ரிவர்ஸ்ல போகும்." சிரித்துவிட்டான். ஆனால் கணக்கு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

காற்றை வெல்ல எடையைக் கூட்டலாம். எடை கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் யோசிக்க நேரம் குறையும், பழகாதவன் கை பதறும். ஆகவே எடையைத் தொடாமல் நேரத்தை மாற்றுவது என்று முடிவானது. விமானம் இலேசாகவே இருக்கட்டும். சித்திரை, வைகாசி விடியலில், கடற்காற்று எழும்புவதற்கு முன்னால் பறக்க விடுவது. கச்சான் பிறந்தால் மூட்டை கட்டிவிடுவது.

அப்படி இலேசான விமானத்தை எதில் செய்வது? பதில் அவர்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

குலசை என்றால் முத்தாரம்மன் தசரா. லட்சக்கணக்கில் கூட்டம், ஆளுக்கொரு வேடம். காளி, கிருஷ்ணன், ராஜா, குறவன், குரங்கு, போலீஸ். இத்தனை வேடத்துக்கும் கிரீடமும் கையும் நாக்கும் ஆயுதமும் யாராவது செய்து கொடுக்க வேண்டுமே. இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி செய்கிறார். அவர் பட்டறையில் தெர்மாகோல், ஃபோம் போர்டு, அட்டை, ஜிகினா, பசைத் துப்பாக்கி எல்லாம் குவிந்து கிடக்கும். எட்டுக் கை காளிக்கு அவர் செய்யும் கைகள் பக்தரின் முதுகில் நாள் முழுக்கத் தொங்க வேண்டும், ஆடும்போது உடையக்கூடாது, ஆளை அழுத்தவும் கூடாது. எடைக்கும் பலத்துக்கும் நடுவில் மல்லுக்கட்டுவது விமானப் பொறியாளர்களுக்கு மட்டும் உரிய பாடு என்று யார் சொன்னது?

"அண்ணாச்சி, இந்த போர்டுல ஒரு ஏரோப்ளேன் செய்யலாம்னு பாக்குதோம்," என்றார் வாத்தியார்.

அண்ணாச்சி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "கருடனுக்கு றெக்கை செஞ்சு குடுத்திருக்கேன், வாத்தியாரே. ஆனா ஆளு நடந்துதான் போனான். பறக்குத றெக்கை செஞ்சதில்ல. எவ்வளவு கனம் தாங்கணும்?"

அந்தக் கேள்வியிலேயே ஆள் சரியான ஆள் என்று தெரிந்துவிட்டது.

ஃபோம் போர்டில் விமானம் செய்வது உலகம் முழுக்க நடக்கிற காரியம். அமெரிக்காவின் ஃப்ளைட் டெஸ்ட் குழுவினர் மலிவான ஃபோம் போர்டில் வெட்டி மடித்துச் செய்யும் விமானங்களின் வரைபடங்களை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அவற்றில் டைனி டிரெய்னர், சிம்பிள் கப் என்ற இரண்டும் முதன்முதலாகச் செய்பவர்களுக்கு உகந்தவை. பையன் அந்த வரைபடங்களை அச்செடுத்துப் பார்த்துவிட்டு, அதே பாணியில் கொஞ்சம் பெரிதாக, 110 சென்டிமீட்டர் இறக்கையோடு ஒன்று வரைந்தான். ஒரு சிக்கல் இருந்தது. நம் கடைகளில் கிடைக்கும் ஃபோம் போர்டு கடைக்குக் கடை எடை மாறும். மளிகைக்கடைத் தராசில் ஒவ்வொரு தாளாகப் போட்டு எடை பார்த்து, இருப்பதில் இலேசானதை மட்டும் எடுத்தார்கள். கடைக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது. 2017-இல் வைகை அணைத் தண்ணீரில் தெர்மாகோலை மிதக்கவிட்ட நாட்டில், அதை எடைபோட்டு வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

இறக்கையைச் செய்தது அண்ணாச்சியின் மேசையில். பலகையின் மேல்தாளை மட்டும் பிளேடால் கீறி, நுரையில் ஒரு கோடு எடுத்து, அடித்தாளை வெட்டாமல் விட வேண்டும். இந்த வெட்டில் அண்ணாச்சியின் கை பார்க்கவேண்டிய ஒன்று. கத்தியைப் பிடித்த கையில் சுட்டுவிரல் மட்டும் பலகையில் உரசிக்கொண்டே போகும். கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அந்த விரலுக்குத் தெரியும். அடித்தாள் கிழியவே கிழியாது. கீறிய இடத்தில் மடித்து, உள்ளே இரட்டைப் பலகைத் துண்டு ஒன்றை நெடுக நிறுத்தி மூடினால், மேலே வளைவும் கீழே தட்டையுமாக இறக்கை எழுந்துவிடும். இரண்டு பாதிகளையும் நடுவில் சேர்க்கும்போது ஒரு நுனியைத் தரையில் அழுத்தி, மறு நுனிக்கு அடியில் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைச் செருகினார்கள். இறக்கைகள் நேர்க்கோட்டில் இல்லாமல் லேசாக 'வி' போல மேல்நோக்கி இருந்தால், விமானம் பக்கவாட்டில் சாயும்போது தாழ்ந்த இறக்கைக்குத் தாங்கும் விசை கூடி, தானாகவே நிமிரும். விமானத்தைச் சாய்த்துத் திருப்ப இறக்கையில் வைக்கும் சாய்ப்பான்களே வேண்டியதில்லை. வால் பக்கத்தில் இரண்டு சுக்கான்கள், முன்னால் மோட்டார். மூன்று சேனல் போதும்.

பசையில்தான் ஒரு தகராறு. பையன் ஃபெவிக்விக் கொண்டுவந்திருந்தான். அண்ணாச்சி பேசாமல் ஒரு தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். நுரை சுருங்கிக் குழிந்து, துளை விழுந்தது. "போன வருஷம் ஒரு கிரீடம் இப்படித்தாம்பா போச்சு." ஃபெவிக்கால் போட்டால் நுரைக்குள் காற்றுப் போகாமல் காய்வதற்கு நாளாகும். பசைத் துப்பாக்கிதான் வழி; ஆனால் அதன் பசை கனம். அண்ணாச்சி மயிரிழைபோல் ஒரு கோடு இழுத்து, பழைய டெலிபோன் கார்டால் வழித்துவிட்டார். வாலில் ஒட்டும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இன்னும் சில கிராம் ஈடுகட்ட வேண்டும் என்று வாத்தியார் சொன்ன பிறகு, வால் பக்கம் பசையே தெரியாத அளவுக்கு ஒட்டினார். கடற்கரை ஈரத்தில் தாள் உப்பிப்போகாமலிருக்க மேலே முழுக்க பேக்கிங் டேப். மேல்பக்கம் மஞ்சள், அடிப்பக்கம் சிவப்பு. சுகோய் சாம்பல் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

இறக்கையை உடம்போடு ஒட்டவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். மோதினால் இறக்கை கழன்று பறக்கும், முறியாது. மோட்டாரை ஏந்தும் பிளைவுட் துண்டையும் மூங்கில் குச்சிகளால்தான் செருகி வைத்தார்கள். எது உடைய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது இந்தத் தொழிலின் சூட்சுமம்.

மின்சார சாமான்களில் தேர்வு சிரமம் இல்லை. 2212 அளவு மோட்டார், ட்ரோன் செய்யும் பையன்கள் புண்ணியத்தில் எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று. மூன்று செல் லிப்போ பேட்டரியின் 11.1 வோல்ட்டில் பத்து அங்குல புரொப்பெல்லரைச் சுற்றினால் விமானத்தின் எடைக்கு நிகரான இழுவிசை வரும். 30 ஆம்பியர் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி, ஒன்பது கிராம் சர்வோ இரண்டு. ரேடியோவில் மட்டும் மாமா கஞ்சத்தனம் பார்க்கவில்லை. விமானம் உடையும், ரேடியோ அடுத்த விமானத்துக்கும் வரும் என்று ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்-ஐ6 வாங்கினார். 1930-களில் அமெரிக்காவின் குட் சகோதரர்கள், வால்வு ரேடியோவை வைத்துப் பறக்கவிட்ட 'கஃப்' விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையைத் திறந்தால் ஒருவர் விமானம் காலி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

லிப்போ பேட்டரியை எங்கே சார்ஜ் செய்வது என்பதில் அக்காள் தலையிட்டார். அந்த பேட்டரி அடிபட்டாலோ அளவுக்கு மேல் ஏற்றினாலோ தீப்பிடிக்கும் என்று தம்பி சொல்லப்போக, வீட்டுக்குள் கூடாது என்றுவிட்டார். கடைசியில் பழைய மீன்சட்டி ஒன்றில் மணலைப் பரப்பி, கொல்லைப்புறத் திண்ணையில் வைத்து, ஆள் பக்கத்தில் இருந்து சார்ஜ் ஏற்றுவது என்று சமாதானம் ஆனது. செல்லுக்கு 4.2 வோல்ட் வந்ததும் நிறுத்த வேண்டும். பறக்காத நாட்களில் 3.8-இல் வைக்க வேண்டும். சட்டியை மட்டும் திருப்பித் தரவேண்டாம் என்று அக்காள் சொல்லிவிட்டார்.

சட்டத்தையும் வாத்தியார் விடவில்லை. 2021 ட்ரோன் விதிகள்படி, பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதற்கு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதிகள் உண்டு. பச்சையிலும் 400 அடிதான் எல்லை. ஏவுதள நிலத்தின் பக்கம் விமானத்தைக் கொண்டுபோகும் எண்ணமே கூடாது என்று முதலிலேயே பேச்சு. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஊரைவிட்டு விலகி, கோடையில் வற்றிக் கிடந்த ஒரு தருவையை, மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தை, தேர்ந்தெடுத்தார்கள். தட்டைத் தரை, காய்ந்த கோரை, ஓரத்தில் குடைபிடித்த உடைமரங்கள். ஆடு மேய்க்கிறவர் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

எடைமையம் சரியா என்று கடைசியாகப் பார்க்கும் முறை எளிது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் தள்ளி, இருபக்கமும் ஆளுக்கொரு விரல்நுனி வைத்துத் தூக்க வேண்டும். மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவதே மேல். பேட்டரியை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மறுபடி முன்னே தள்ளினார்கள்.

ஓட்டப்போவது யார்? கம்பியில் ஓட்டிய மாமாவுக்குத்தான் அனுபவம். ஆனால் பையன் அலைபேசியில் பிகாசிம் என்ற இலவச பயிற்சி விளையாட்டை இரவெல்லாம் ஆடித் தீர்த்திருந்தான். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும் அந்தக் குழப்பம் அவன் கட்டைவிரலுக்குப் பழகியிருந்தது. மாமா எறிவது, மருமகன் ஓட்டுவது என்றானது.

நாலடி எடுத்து ஓடி, மூக்கை மட்டமாகப் பிடித்து, காற்றுக்கு எதிராகத் தள்ளிவிட்டார். விமானம் ஒருமுறை முங்கி, எழுந்து, தருவைக்கு மேல் ஏறியது. விரலை எடுத்தால் அது தானாக நேராகிறது என்று தெரிந்ததும் பையனுக்குத் தைரியம் வந்தது. தைரியம் கூடியபோது உடைமரம் வந்தது. இறக்கை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம், முள் எல்லாப் பக்கமும். ரப்பர் பேண்ட் தன் வேலையைச் செய்திருந்தது. மூங்கில் குச்சிகளும் சொன்னபடி முறிந்திருந்தன. அன்று மதியமே அண்ணாச்சி பட்டறையில் புது மூக்கு தயார். அந்தக் கோடை முழுவதும் மூக்கு மாறிக்கொண்டே இருந்தது, இறக்கை மட்டும் அதே இறக்கை. மூக்குகள் வரவர அழகாகிக்கொண்டும் வந்தன. ஒன்றுக்கு அண்ணாச்சி கேட்காமலே ஜிகினா ஒட்டிவிட்டார். ஜிகினா எத்தனை கிராம் என்று வாத்தியார் கேட்டதற்கு, அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு ஒட்டினது, கணக்குப் பார்க்கக்கூடாது என்று பதில் வந்தது.

வைகாசி கடைசியில் கச்சான் தொடங்கியது. விமானம் பரணுக்கு ஏறியது. பையன் கை சும்மா இருக்குமா? அடுத்த விமானத்துக்கு வரைபடம் தேட ஆரம்பித்துவிட்டான். இந்த முறை நான்கு சேனல், இறக்கைச் சாய்ப்பான் வைத்தது, லேசரில் வெட்டிய பால்சா கிட். வெளிநாடு வேண்டாம், இந்தியாவிலேயே வெட்டிக் கொடுக்கிறார்கள் என்றான். விழாமல் ஓட்டத் தெரிந்தவன் பால்சாவைக் கேட்பதில் தப்பில்லை என்று மாமாவும் ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி பட்டறையில் மூவரும் உட்கார்ந்து நாள் பார்த்தார்கள்.

"ஆடி முடியட்டும், காத்து குறையும். ஆவணியில கட்டலாம்," என்றார் வாத்தியார்.

"ஆவணியில எங்கிட்ட வராதீங்க. தசரா வேலை வந்துரும். புரட்டாசியில என் மேசையில அம்மன் கையைத் தவிர வேற எதுக்கும் இடமில்ல."

"அப்போ ஐப்பசி?" என்றான் பையன்.

"ஐப்பசியில மழை, தருவையில தண்ணி நிக்கும். கார்த்திகையும் அப்படித்தான். மார்கழியில வாடை. தையில உனக்குப் பிளஸ் டூ திருப்புதல் தேர்வு."

பையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்போ தண்ணியில இறங்குத ப்ளேனா செஞ்சா என்ன, மாமா?" என்றான். வாத்தியார் பதில் சொல்வதற்குள் அண்ணாச்சி தெர்மாகோல் துண்டு ஒன்றை எடுத்து, மிதவை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார்.